எஃப்க்ளோஸில் ஏன் சாகிறது? (சி, ஹீப், தாத்தாவின் டிஸ்கி ஃபைல்கள்)

1. மழைக்குருவி

வணக்கம். சி புரோகிராமிங் மொழி கற்றுக்கொள்ள ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. பாடப் பயிற்சிகள் அலுத்துப்போனதால் வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது எழுதலாம் என்று இறங்கினேன்.

என் தாத்தா 2000-ஐ ஒட்டி முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டிய 212 ஃபைல்கள் ஒரு பழைய டிஸ்க்கில் இருக்கின்றன. ஊர்க் கோயில் வரலாறு, கடிதங்கள், கணக்கு வழக்கு எல்லாம். அத்தனையும் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். இன்றைய கணினியில் திறந்தால் மேலே வால் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் வருகின்றன. அவற்றை இன்றைய யூனிகோட் வடிவமான யூடிஎஃப்-8 ஆக மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்.

அமைப்பு இதுதான். இன்புட், அவுட்புட் இரண்டு ஃபைலையும் திறக்கிறேன். மாலாக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) போட்டு 256 பைட் அவுட் பஃபர் (தற்காலிக இடம்) வாங்குகிறேன். எஃப்கெட்ஸ் 256 அளவுள்ள லைன் அரேயில் ஒரு வரி படிக்கும். பைட் பைட்டாக அட்டவணையில் பார்த்து, மாற்றியதை அவுட் பஃபரில் சேர்த்து எழுதுகிறேன். கடைசியில் ஃபைல்களை மூட இரண்டு எஃப்க்ளோஸ், மெமரியைத் திருப்பித் தர ஒரு ஃப்ரீ.

சின்ன ஃபைல்கள் ஒழுங்காக மாறுகின்றன. பெரிய ஃபைல் என்றால் முழுவதும் ஓடி முடித்துவிட்டு, கடைசியில் இன்புட்டை மூடும் எஃப்க்ளோஸில் செத்துப்போகிறது. ஒரு ஃபைலுக்கு ‘மன்மேப்_சங்க்: இன்வேலிட் பாயிண்டர்’ என்கிறது. இன்னொன்றுக்கு வெறும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை). எஃப்க்ளோஸ் வரியில் என்ன தப்பு இருக்க முடியும்? மூன்று நாளாக அந்த ஒரே வரியை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. மாலாக்குக்கு அடுத்த வரியில் ‘தொடங்குகிறது’ என்று ஒரு பிரின்ட்எஃப் (திரையில் அச்சிடுவது) போட்டால் சாவதே இல்லை. அதே பிரின்ட்எஃப்பை லூப்புக்குள் போட்டால் பழையபடி சாகிறது. எனக்குப் பேய் மேலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

2. பைத்தான்பிரியன்

சி எதற்கு? குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளைக்கே டிஸ்கி தெரியும். லினக்ஸில் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். பைத்தான்தான் வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் டிஸ்கி மாற்றி இருக்கிறது.

3. மழைக்குருவி

ஐகான்வ் பற்றி நேற்றுதான் தெரிந்தது. அதை வைத்து மாற்றி, என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் என் புரோகிராம் ஏன் சாகிறது என்று தெரியாமல் விட மனசில்லை.

4. கர்னல்கிழவன்

அந்த மனசு வாழ்க. சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எஃப்க்ளோஸை விட்டுவிடுங்கள். அது பாவம், பிணத்தை முதலில் பார்த்த பால்காரர். கொலை அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஹீப் (மாலாக் இடம் எடுத்துத் தரும் மெமரிப் பகுதி) கெட்டுப்போனால் கெட்ட இடத்திலேயே புரோகிராம் நிற்காது. அந்த இடத்தை அடுத்து யார் தொடுகிறார்களோ அவர்கள் கையில்தான் வெடிக்கும்.

உங்கள் பஃபர் 256 பைட். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 86-ஆவது தமிழ்க் குறியை எழுதும்போதே பஃபர் நிரம்பி வழிகிறது. தப்பு இதுதான். ஆனால் ஏன் எஃப்க்ளோஸ், ஏன் பிரின்ட்எஃப் போட்டால் மறைகிறது என்பதுதான் ருசியான பகுதி.

லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் மாலாக் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட்டில் அதன் அளவை எழுதி வைக்கும். 64 பிட் கணினியில் துண்டின் மொத்த அளவு 16-இன் மடங்காக இருக்கும். நீங்கள் 256 கேட்டால் 272 பைட் துண்டு ஒதுக்கி, அதில் 264-ஐ உங்களுக்குத் தரும். ஆக, 8 பைட் வரை வழிந்தால் யாருக்கும் வலிக்காது. சின்ன ஃபைல்கள் தப்பியதில் இந்தச் சலுகைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

265-ஆவது பைட்டிலிருந்து பக்கத்து வீட்டு அளவுப் பலகை. அந்தப் பக்கத்து வீடு யாருடையது? நீங்கள் அவுட் பஃபர் வாங்கிய பிறகு ஹீப்பில் முதலில் இடம் கேட்டது எஃப்கெட்ஸ். ஃபைலை முதல்முறை படிக்கும்போதுதான் அது தனக்கு ஒரு பஃபர் வாங்கும், பெரும்பாலும் 4096 பைட். அது உங்களுடையதை ஒட்டி உட்கார்ந்துவிட்டது. நீங்கள் வழிந்து அதன் அளவுப் பலகையை அழித்தீர்கள். படிக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை. மூடும்போது எஃப்க்ளோஸ் அந்தப் பஃபரை ஃப்ரீ செய்யும். ஃப்ரீ முதலில் பார்ப்பதே பலகையைத்தான்.

இப்போது உங்கள் பேய். மாலாக்குக்கு அடுத்த வரியில் பிரின்ட்எஃப் போட்டால் திரைக்குப் போகும் எஸ்டிடி அவுட்டும் முதல்முறை தனக்கென்று ஒரு பஃபர் வாங்குகிறது. அதுதான் இப்போது பக்கத்து வீடு. எஸ்டிடி அவுட் பஃபரைச் சாதாரணமாக யாரும் ஃப்ரீ செய்வதில்லை, அதனால் அழிந்த பலகையை யாரும் படிப்பதில்லை. லூப்புக்குள் போட்டால் எஃப்கெட்ஸ் முந்திக்கொள்கிறது. அவ்வளவுதான். பிரின்ட்எஃப் போட்டதும் பிழை போய்விட்டது என்றால் நம்பாதீர்கள். அது வீடு மாறியிருக்கிறது.

ஒரு கேள்வி. மாற்றிய ஃபைல்களில் நடுநடுவே சில வரிகள் குப்பையாக இருக்கின்றனவா?

5. மழைக்குருவி

ஆமாம்! அட்டவணையில் தப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படித் தெரிந்தது?

6. கர்னல்கிழவன்

வழிந்தது பலகையோடு நிற்காது. அதைத் தாண்டியதும் இன்புட் பஃபரின் தொடக்கம். அங்கே இன்னும் படிக்காத எழுத்து இருந்தால், நீங்கள் மாற்றிய யூடிஎஃப்-8 பைட்டுகள் அதன் மேல் விழுந்து, அடுத்த எஃப்கெட்ஸில் டிஸ்கி என்று திரும்பி வரும். சொந்த வாலையே தின்கிற பாம்பு.

வாய்ப்பேச்சாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், கண்ணால் பாருங்கள். மைனஸ் ஜி போட்டு (பிழைதிருத்தத் தகவல் சேர்க்க), ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஓட்டி, செத்த பிறகு ‘பிடி’ என்ற கட்டளை கொடுத்தால் அழைப்பு வரிசை வரும். எஃப்க்ளோஸுக்கு ஏறி, ஃபைல் அமைப்புக்குள் இருக்கும் பஃபர் தொடக்க முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 8 கழித்தால் பலகை. எட்டு பைட்டையும் பதின்ம எண்ணாக அச்சிட்டு இங்கே ஒட்டுங்கள். அங்கே இருந்திருக்க வேண்டிய எண் 4113. அதாவது 4096, தலைக்கும் ஒழுங்குக்கும் 16, கூட ‘முந்தைய துண்டு உபயோகத்தில் இருக்கிறது’ என்ற கொடிக்கு 1.

7. துருப்பிடித்தவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2025-ஐத் தாண்டிய பிறகும் ஒருவர் அளவுப் பலகையை எட்டு எட்டு பைட்டாகப் பார்க்க வேண்டுமா? தங்கள் பாதுகாப்புத் திருத்தங்களில் சுமார் 70 சதவீதம் மெமரிப் பிழைகளால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. குரோமியம் குழுவும் 2020-இல் தங்கள் கடுமையான பிழைகளுக்கு ஏறக்குறைய அதே கணக்கைச் சொன்னது. ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் வெக் என்ற பட்டியல் தானாக வளர்ந்திருக்கும், இந்த இழையே பிறந்திருக்காது.

8. இரவுப்பணி

துரு வந்தாச்சு. ‘ரஸ்ட்’ என்ற வார்த்தை இல்லாமல் பத்தாவது பதிவைத் தாண்டிய இழை இந்தக் களத்தில் உண்டா?

9. துருப்பிடித்தவன்

சிரிங்கள். நான் சொன்னது தப்பா?

10. கர்னல்கிழவன்

தப்பில்லை. புதிதாக ஆரம்பிக்கிற வேலைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு வேண்டியது மாற்றி அல்ல, அது ஐகான்வில் இருக்கிறது. ஹீப் எப்படிக் கெடுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒருமுறையாவது கெடுத்துப் பார்க்க வேண்டும்.

11. மழைக்குருவி

(பெண் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சரிதான், ஆனாலும்.)

செய்துவிட்டேன் அண்ணா. முதலில் மைனஸ் ஜி போட மறந்து எல்லா இடத்திலும் கேள்விக்குறியாக வந்தது. மறுபடி கம்பைல் செய்த பிறகு கிடைத்த எட்டு பைட்:

174 181 224 174 190 32 224 174

4113 என்ற எண்ணின் சாயலே இல்லை. இது என்ன?

12. கர்னல்கிழவன்

மன்னிக்கவும், ஊகித்தது தப்பு. அண்ணா என்றதில் என் வயதையும் நீங்கள் குறைத்துவிட்டீர்கள், கணக்கு சரி.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்கும் பகுதிக்கு யூடிஎஃப்-8-இல் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். வ என்பது 224 174 181. துணைக்கால் 224 174 190. 32 இடைவெளி.

ஆக உங்கள் அளவுப் பலகையில் எழுதியிருப்பது வ-வின் பின்பாதி, ஒரு துணைக்கால், ஒரு இடைவெளி, அடுத்த எழுத்தின் தலை. ‘வா’ என்று ஏதோ சொல்லியிருக்கிறார் உங்கள் தாத்தா. மாலாக் அதை ஒரு எண்ணாகப் படித்துத் திகைத்து நிற்கிறது.

இதைப் பழகிக்கொள்ளுங்கள். கெட்டுப்போன இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே பாதி நேரம் யார் கெடுத்தது என்று தெரிந்துவிடும். 224 174 என்ற ஜோடியைக் கண்டால் தமிழ் வரி ஒன்று வழிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். விஷுவல் சி-யின் டீபக் ஹீப்பில் ஒரே 205 வரிசையாக நின்றால் மாலாக் வாங்கி ஒன்றுமே எழுதாத இடம், 221 நின்றால் ஃப்ரீ செய்த இடம். அவர்கள் வேண்டுமென்றே நிரப்பி வைப்பது.

13. இரவுப்பணி

அண்ணன் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். ஏன் ஒரு ஃபைலுக்கு மன்மேப், இன்னொன்றுக்கு செக்ஃபால்ட் என்ற கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

அளவு எப்போதும் 16-இன் மடங்கு என்பதால் அந்த எண்ணின் கடைசி பிட்டுகள் சும்மா கிடக்கும். மாலாக் அதில் மூன்றைக் கொடிகளாக வைத்துக்கொள்கிறது. 1 என்றால் முந்தைய துண்டு உபயோகத்தில். 2 என்றால் இந்தத் துண்டு எம்மேப் (ஓஎஸ்ஸிடம் நேராக மெமரி கேட்பது) வழியாகத் தனியாக வாங்கியது. 4 என்றால் மாலாக்கின் முதன்மைக் கிடங்கான அரீனாவைச் சேர்ந்ததில்லை.

லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய பகுதியை முதலில் எழுதும் முறை) என்பதால் பலகையின் முதல் பைட்தான் அந்தக் கடைசி பிட்டுகளைச் சுமக்கிறது. உங்கள் ஃபைலில் அது 174. அதில் 2 என்ற பிட் எரிகிறது. உடனே ஃப்ரீ இது எம்மேப் துண்டு என்று நம்பி மன்மேப் பக்கம் போய், முகவரி பொருந்தாமல் கத்துகிறது. இன்னொரு ஃபைலில் அந்த இடத்தில் எழுத்தின் மூன்றாவது பைட் விழுந்திருக்கும். உதாரணமாக த-வின் 164. அதில் 2 அணைந்து 4 எரிகிறது. இல்லாத அரீனாவைத் தேடி எங்கோ ஒரு முகவரியைத் தொட்டு செக்ஃபால்ட். எழுத்தின் முதல் பைட்டான 224 விழுந்தால் மூன்றுமே அணைந்திருக்கும், ஃப்ரீக்குள் வேறு ஏதாவது சோதனையில் மாட்டும்.

வரியில் எத்தனை இடைவெளி என்பதைப் பொறுத்து சாவுச் செய்தி மாறுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவில் நான் தூங்கவில்லை. என் கதையில் அது தமிழ் இல்லை, ஒரு மீட்டரின் சீரியல் எண்.

14. மழைக்குருவி

இதைப் படித்துவிட்டு என் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் உனக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

சரி செய்துவிட்டேன். 256-க்குப் பதில் 256 பெருக்கல் 3. எல்லாம் ஓடுகிறது. மிக்க நன்றி.

15. கர்னல்கிழவன்

நன்றி இருக்கட்டும். 212-ம் ஓடினவா?

16. மழைக்குருவி

211.

நன்கொடையாளர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள். அது மட்டும் சாகிறது. அதே எஃப்க்ளோஸ். ஒரு பைட்டுக்கு 3 பைட் கொடுத்த பிறகும் எப்படி?

17. பைத்தான்பிரியன்

டிஸ்கியில் ஒரு பைட் என்றால் யூனிகோடில் ஒரு குறி என்று யார் சொன்னது? டிஸ்கி அச்சு வடிவத்துக்கு ஒரு பைட் வைக்கும். மெய்யெழுத்து முழுவதும் அங்கே ஒரே பைட். யூனிகோடில் க் என்பது க-வும் புள்ளியும், 6 பைட். கு, கூ வகையும் அப்படியே.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்கள். டிஸ்கியில் த, ம, இகரக் குறி, ழ் என 4 பைட். யூடிஎஃப்-8-இல் 5 குறி, 15 பைட். நான்கை மூன்றால் பெருக்கினால் 12. தமிழ் என்று எழுதினாலே உங்கள் கணக்கு வழிகிறது! இடைவெளிகளும், கொ போல மூன்று பைட் சுருங்கி இரண்டு குறியாகும் எழுத்துகளும் மற்ற ஃபைல்களைக் காப்பாற்றியிருக்கும்.

18. மழைக்குருவி

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஸ்ரீ அல்லது ஸ்ரீமதி. கமா போட்டு ஒரே பத்தியாக, என்டரே தட்டாமல்.

19. இரவுப்பணி

ஹாஹா. ஸ்ரீ டிஸ்கியில் ஒரே பைட். யூனிகோடில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. 4 குறி, 12 பைட். பன்னிரண்டு மடங்கு. மரியாதை அதிகமானால் பஃபர் தாங்காது.

20. மழைக்குருவி

அப்படியானால் பெருக்கல் 12?

21. கர்னல்கிழவன்

போட்டால் ஓடும். அட்டவணையில் அதைவிடப் பெரிதாக எதுவும் இல்லாதவரை தப்பும் இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. 3 என்று நீங்கள் ஊகித்தது போல இன்னொருவர் நாளைக்கு அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பார். எழுதுகிற ஃபங்ஷனுக்கு மீதி எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியவே தெரியாது, அதுதான் மூலக்கோளாறு. ஐகான்வ் ஃபங்ஷனைப் பாருங்கள். மீதி இடத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இடம் போதாவிட்டால் ‘போதவில்லை’ என்று பிழை எண் தந்து நிற்கும், வழியாது.

கெட்ஸ் என்ற ஃபங்ஷனை 2011-ஆம் ஆண்டு சி தரத்திலிருந்தே தூக்கினார்கள். அதற்குப் பஃபரின் அளவைச் சொல்ல வழியே கிடையாது. 1988-இல் மோரிஸ் புழு இணையத்தில் பரவியபோது, ஃபிங்கர் சர்வருக்குள் நுழைந்தது இதே கெட்ஸ் வழியாகத்தான். அங்கே பஃபர் 512 பைட்.

எழுதும் முன் மீதியைச் சோதியுங்கள். போதாவிட்டால் ரியாலாக் போட்டு இரண்டு மடங்காக்குங்கள். அப்புறம் இந்த முறை ஜிடிபி வேண்டாம். அட்ரஸ் சானிடைசர் (சுருக்கமாக ஏசான், மெமரிப் பிழையை நடந்த இடத்திலேயே காட்டும்) போட்டுக் கம்பைல் செய்யுங்கள். ஜிசிசி, க்ளாங் இரண்டிலும் பத்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறது.

22. மழைக்குருவி

இது இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே அண்ணா!

23. கர்னல்கிழவன்

சொல்லியிருந்தால் 174 181 224-ஐப் பார்த்திருக்க மாட்டீர்கள். (உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது தோன்றவில்லை. கிழட்டுப் பழக்கம், கை தானாக ஜிடிபிக்குப் போகிறது.)

24. மழைக்குருவி

ரியாலாக் போட்டேன். ஏசான் உடனே நிறுத்திவிட்டது. சிவப்பு எழுத்தில் ‘ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’, அதாவது விடுவித்த பிறகும் தொட்டதாக. மூன்று அழைப்பு வரிசை கொடுக்கிறது: எழுதியது எங்கே, விடுவித்தது எங்கே, முதலில் வாங்கியது எங்கே. விடுவித்த இடம் என்று ரியாலாக் வரியைக் காட்டுகிறது. நான் எதையும் ஃப்ரீ செய்யவில்லையே?

25. இரவுப்பணி

எங்கே எழுதுவது என்று ஒரு பாயிண்டர் தனியாக வைத்திருக்கிறீர்களா?

26. மழைக்குருவி

ஆமாம், பஃபரின் நடுவே நகர்ந்துகொண்டே போகும் ஒரு பாயிண்டர்.

அய்யோ. புரிந்துவிட்டது.

27. இரவுப்பணி

மற்றவர்களுக்காக எழுதிவிடுகிறேன். ரியாலாக் இருந்த இடத்திலேயே வளர முடியாவிட்டால் வேறு இடத்தில் பெரிதாக வாங்கி, உள்ளே இருந்ததை நகலெடுத்து, பழையதை விட்டுவிடும். உங்கள் நகரும் பாயிண்டர் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். வீடு காலி செய்த பிறகும் பழைய சாவியோடு போய்க் கதவைத் திறப்பது. பாயிண்டருக்குப் பதில் எத்தனையாவது பைட் என்ற எண்ணை மட்டும் வையுங்கள். சி++ காரர்கள் வெக்டரில் புஷ்பேக் செய்துவிட்டுப் பழைய ரெஃபரன்ஸைத் தொடுவதும் இதே குற்றம்தான்.

கூடவே, ரியாலாக் தந்ததை நேராகப் பழைய மாறியிலேயே போடாதீர்கள். அது தோற்று ‘நல்’ (வெற்று முகவரி) திரும்பினால் பழைய முகவரி கைவிட்டுப் போகும், அந்த மெமரி ஒழுகிவிடும். தனி மாறியில் வாங்கி, சோதித்து, பிறகு மாற்றுங்கள்.

28. துருப்பிடித்தவன்

நான் ஒன்றும் சொல்லவில்லை.

29. இரவுப்பணி

சொல்லாததே காதில் விழுகிறது.

30. மழைக்குருவி

எண்ணாக மாற்றிவிட்டேன். நன்கொடையாளர் பட்டியலும் மாறிவிட்டது. ஏசான் அதற்குப் பிறகு லைன் அரேயில் ‘ஸ்டாக் பஃபர் ஓவர்ஃப்ளோ, படித்தது 1 பைட்’ என்றது. அரேயை 260 ஆக்கினேன், போய்விட்டது. வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவியிலும் ஓட்டிப் பார்த்தேன். ‘துவக்கப்படாத மதிப்பை நம்பி முடிவெடுக்கிறாய்’ என்ற அர்த்தத்தில் நூற்றுக்கணக்கான எச்சரிக்கை. லூப்பின் தொடக்கத்தில் லைன் அரே முழுவதையும் மெம்செட்டில் பூஜ்யமாக்கினேன். இப்போது இரண்டும் அமைதி.

காலி ஃபைல் வந்தால் பாதியிலேயே திரும்பி, எஃப்க்ளோஸ் செய்யாமல் விட்டதையும் வால்கிரைண்ட்தான் காட்டியது. அதையும் சரிசெய்தேன்.

31. பைத்தான்பிரியன்

உச்சரிப்பு வால்க்ரிண்ட். குறில்.

32. இரவுப்பணி

ஆரம்பிச்சுட்டார்.

33. கர்னல்கிழவன்

ஒரு நிமிடம். அரேயை 260 ஆக்கியதும் மெம்செட் போட்டதும் எனக்கு உறுத்துகிறது. ஏன் துவக்கப்படாததைப் படித்தது என்று பார்த்தீர்களா, இல்லை வாயை மட்டும் அடைத்தீர்களா?

ஒரு பழைய கதை. 2006-இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் (மறைகுறியாக்க நூலகம்) பொதியில் வால்கிரைண்ட் இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. அதை அமைதியாக்க இரண்டு வரியைக் கருத்துரையாக்கினார்கள். அதில் ஒரு வரிதான் தற்செயல் எண் ஆக்கிக்கு விதை முழுவதையும் ஊட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு விதையாக மிஞ்சியது கிட்டத்தட்ட புராசஸ் எண் மட்டும். அது அதிகபட்சம் 32,768. அதாவது ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில் பிறந்த சாவிகள் அவ்வளவுதான். 2008 மே மாதம் வெளியே வரும் வரை உலகம் முழுக்க டெபியன், உபுண்டு சர்வர்கள் அந்தச் சாவிகளோடு ஓடின. எச்சரிக்கை அடங்கிவிட்டது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

உங்கள் கதை அவ்வளவு பெரிதில்லை. ஆனால் எந்த வரியில் அந்த எச்சரிக்கை வந்தது?

34. மழைக்குருவி

ஒவ்வொரு எழுத்தைப் பார்க்கும்போதும் அடுத்த 2 பைட்டையும் எட்டிப் பார்க்கிறேன். டிஸ்கியில் கொம்பு முன்னால் வரும். கொ என்பது ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால் என மூன்று பைட்டாக இருக்கும். யூனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கெ-யா கொ-வா என்று தெரியும். வரியின் கடைசி எழுத்தில் எட்டிப் பார்த்தால் முடிவுக் குறியைத் தாண்டிவிடும். அங்கே என்ன இருந்தாலும் பொருந்தாது, பாதகமில்லை என்று பூஜ்யமாக்கினேன்.

35. கர்னல்கிழவன்

வரி முடிந்தால் பாதகமில்லை. எஃப்கெட்ஸ் முடிந்தால்?

36. மழைக்குருவி

புரியவில்லை அண்ணா.

37. கர்னல்கிழவன்

தாத்தா என்டர் தட்டாமல் பத்தி முழுவதும் எழுதியிருக்கிறார் என்றீர்கள். எஃப்கெட்ஸ் 255 பைட் படித்ததும் நிறுத்திவிடும், மீதியை அடுத்த முறை தரும். 255-ஆவது பைட் ஒரு கொம்பாக இருந்து, அதன் க அடுத்த சுற்றில் வந்தால்?

38. மழைக்குருவி

ஐகான்வ் கொடுத்ததோடு டிஃப் (ஃபைல்களை ஒப்பிடும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். 212-இல் 37 ஃபைல்களில் வேறுபாடு.

எல்லாமே ஒரே மாதிரி. ஒரு இடத்தில் கெ என்று முடிந்து, அடுத்து ஒரு துணைக்கால் தனியே தொங்குகிறது. வேறு சில இடங்களில் கொம்பு மட்டும் அநாதையாக நிற்கிறது. ‘கொடுத்தார்’ எல்லாம் ‘கெ’ ஒரு துண்டு, ‘ாடுத்தார்’ ஒரு துண்டு. கண்ணுக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட சரி போலவே இருக்கிறது, அதனால்தான் கவனிக்கவில்லை.

அரே 256 ஆக இருந்தபோது ஏசான் சரியாக இந்த இடத்தில்தான் நிறுத்தியது. 260 ஆக்கி நானே அதை மூடிவிட்டேன்.

39. இரவுப்பணி

துரு, இதை ரஸ்ட் பிடித்திருக்குமா?

40. துருப்பிடித்தவன்

அரேயைத் தாண்டிப் படித்தால் பேனிக் ஆகி நின்றிருக்கும். கெட் போட்டு எழுதியிருந்தால் ‘நன்’ (ஒன்றுமில்லை) வரும், நானும் ‘பாதகமில்லை’ என்று தாண்டிப் போயிருப்பேன். இல்லை, பிடித்திருக்காது.

41. பைத்தான்பிரியன்

பைத்தானிலும் ஃபைலை 255 பைட்டாகப் படித்தால் இதே கதிதான். சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பதற்குள்.

42. மழைக்குருவி

மெம்செட்டை எடுத்துவிட்டேன், அரே மறுபடி 256. முடிவடையாத கொம்பு இருந்தால் அந்த ஒன்றிரண்டு பைட்டை அடுத்த சுற்றின் தலையில் ஒட்டிவிட்டுத் தொடர்கிறேன். எட்டிப் பார்க்கும் முன் முடிவுக் குறியா என்று சோதனை. எச்சரிக்கை இல்லை, இந்த முறை எதையும் அடைக்கவில்லை.

டிஃப்: 36 ஃபைல் சரி. ஒன்று மட்டும் இன்னும் மாறுபடுகிறது. அதில் தாத்தா ஔவையாரை ‘ஒ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டு எழுதியிருக்கிறார். நான் ‘ஒள’ என்றே விட்டிருக்கிறேன். ஐகான்வும் அப்படியே விட்டிருக்கிறது. வேறுபாடு அதில் இல்லை, அதற்கு இரண்டு வரி கீழே. ஒட்டட்டுமா?

43. மட்டுறுத்துநர்

ஒட்டுங்கள், ஆனால் புது இழையில். தலைப்பில் எஃப்க்ளோஸ் வேண்டாம். இது குறியாக்கப் பிரிவுக்குப் போக வேண்டியது.